தேய்ந்தால் ஆடும், இறுக்கினால் பிடிக்கும்: பழைய ஜீப்பின் ஸ்டியரிங் கனத்துப்போவது ஏன்?

வண்டிக்கு 15 வயது முடிந்துவிட்டது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். ஆய்வுக்குக் கொண்டுபோகும் முன் பட்டறையில் விட்டு, "ஸ்டியரிங்ல ஆட்டம் இருக்கு, என்னன்னு பாத்துருங்க" என்று சொல்லிவிட்டு வருகிறோம். இரண்டு நாள் கழித்து வண்டி வருகிறது. ஆட்டம் போய்விட்டது. மதுரை ரிங் ரோட்டில் நேராகப் போகும்வரை எல்லாம் சுகம். அடுத்த வாரம் திண்டுக்கல் வழியாகச் சிறுமலை ஏறும்போதுதான் விஷயம் தெரிகிறது. கொண்டை ஊசி வளைவில் திருப்பத் தோள்பட்டை வலிக்கிறது. திருப்பிய வீல் தானாக நேருக்கு வர மறுக்கிறது.

மேலூர்ப் பக்கத்துக் குவாரி ஜீப், போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப், கொடைக்கானல் கீழ்மலையில் காப்பி மூட்டை இறக்கும் ஜீப், வார இறுதிக்கு மட்டும் வெளியே வரும் மாருதி ஜிப்ஸி என்று எந்த வண்டியாக இருந்தாலும் கதை கிட்டத்தட்ட இதுதான். ரிப்பேருக்கு முன் லூசாக இருந்தது, ரிப்பேருக்குப் பின் டைட்டாக இருக்கிறது. "புது சாமான் போட்டிருக்கோம், ஓட ஓட சரியாயிடும்" என்பார்கள். சில சமயம் அது உண்மை. பல சமயம் இல்லை. இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதுதான் இங்கே கேள்வி.

## முதலில், எந்த மாதிரி 'டைட்'?

'ஸ்டியரிங் டைட்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. மெக்கானிக்கிடம் போகும் முன் உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

1. கனம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே சீராகப் பாரம். எங்கேயும் தட்டுவதில்லை, பிடிப்பதில்லை.

2. பிடிப்பு. ஓர் இடத்தில் மட்டும் இறுகும், தாண்டினால் இளகும். நடுவில் பிடிக்கலாம், அல்லது பக்கங்களில் பிடிக்கலாம். எங்கே என்பது மிக முக்கியம்.

3. திரும்பாமை. திருப்புவது அவ்வளவு கஷ்டமில்லை. ஆனால் கையை விட்டால் வீல் நின்ற இடத்திலேயே நிற்கும். வளைவு முடிந்ததும் நீங்கள்தான் இழுத்து நேராக்க வேண்டும்.

மலைப்பாதையில் மூன்றாவதுதான் ஆபத்து. கனத்தை ஓட்டுநர் உடனே உணர்ந்து வேகத்தைக் குறைத்துக்கொள்வார். திரும்பாமை அப்படி முன்கூட்டிச் சொல்லாது. அடுத்த வளைவுக்கு வண்டி நேராக வேண்டிய நேரத்தில்தான் தெரியும்.

## கையிலிருந்து தரைவரை

பழைய ஜீப்பிலும் ஜிப்ஸியிலும் முன்பக்கம் ஒரே இரும்பு ஆக்ஸில். அதைத் தாங்க இரு பக்கமும் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள். ஸ்டியரிங் வீலைத் திருப்பினால் விசை போகும் பாதை இது: ஸ்டியரிங் ராடு, சில வண்டிகளில் அதில் யூ ஜாயிண்ட் என்ற மடங்கும் மூட்டு, பிறகு ஸ்டியரிங் பாக்ஸ். பாக்ஸிலிருந்து கீழே தொங்குவது டிராப் ஆர்ம். அதிலிருந்து டிராக் லிங்க், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்குப் போகும். இரண்டு நக்கிள்களையும் சேர்ப்பது டை ராட். நக்கிள் திரும்புவது மேலும் கீழுமாக இருக்கும் கிங் பின்களின் மேல். கடைசியாக டயர், அப்புறம் தரை.

பாதையில் மாற்றங்கள் உண்டு. மிகப் பழைய சிஜே (சிவிலியன் ஜீப்) வகைகளில் டிராக் லிங்க்குக்கும் டை ராட்டுக்கும் நடுவே பெல் கிராங்க் என்ற திருப்பு கை இருக்கும். அங்கே ராடும் பாக்ஸும் ஒரே உடம்பு. 2010க்குப் பிறகு வந்த மஹிந்திரா தார் சிஆர்டிஇ-யில் முன்பக்கம் பட்டைக்குப் பதில் டார்ஷன் பார் சஸ்பென்ஷன், பாக்ஸுக்குப் பதில் ராக் அண்ட் பினியன், பவர் ஸ்டியரிங். அதற்குப் பாக்ஸ், டிராப் ஆர்ம், கிங் பின், பட்டை பற்றிய பகுதிகள் பொருந்தாது.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி இறுகினாலும் கைக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் கையால் திருப்பிப் பார்த்தே "பாக்ஸ் போச்சு" என்று தீர்ப்புச் சொல்பவரை நம்பக் கூடாது.

## தேய்மானம் இறுக்கத்தைத் தராது

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. உலோகம் தேய்ந்தால் இடைவெளி கூடும். இடைவெளி கூடினால் ஆட்டம். ஓடி ஓடித் தேய்ந்த ஸ்டியரிங் லூசாகும், டைட் ஆகாது. முக்கியமான விதிவிலக்கு இரண்டு: துரு, கிரீஸ் வற்றியது. அவையும் மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் வரும். பட்டறைக்குப் போன அன்று லூஸ், திரும்பிய அன்று டைட் என்றால், அது யாரோ கை வைத்த இடத்தில் வந்த இறுக்கம். சந்தேகத்தின் பட்டியல் பில்லிலேயே இருக்கிறது.

ஸ்டியரிங் பாக்ஸில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். பாக்ஸுக்குள் வார்ம் என்ற திருகு ஒன்றும், அதோடு சேர்ந்து டிராப் ஆர்மைச் சுழற்றும் செக்டர் ஷாஃப்டும் இருக்கின்றன. பாக்ஸைச் செய்யும்போதே நடுப்பகுதியில் கொஞ்சம் நெருக்கமாகவும், இரு பக்கமும் போகப்போகத் தளர்வாகவும் வைத்துத்தான் செய்கிறார்கள். நேராகப் போகும்போது ஆட்டம் இருக்கக் கூடாது. வளைவில் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை என்பது கணக்கு.

ஆனால் வண்டி தன் ஆயுளில் பெரும்பகுதி நேராகத்தான் ஓடுகிறது. மதுரையிலிருந்து திருச்சிக்கு நான்கு வழிச் சாலையில் போகும் ஜீப்புக்குப் பாக்ஸின் நடுப்பகுதிதான் வேலை செய்கிறது. பத்துப் பதினைந்து வருடத்தில் நடு தேய்ந்துவிடும். பக்கங்கள் புதிதுபோல இருக்கும். இப்போது மேலே இருக்கும் அட்ஜஸ்டிங் ஸ்குரூவை முறுக்கி நடுவில் ஆட்டம் இல்லாமல் செய்தால் என்ன ஆகும்? நடு சரியாகும். தேயாத பக்கங்கள் இறுகும். சமதரையில் சுகமாக ஓடிய வண்டி மலை வளைவில் பிடிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இப்படித் தேய்ந்த பாக்ஸை எந்த ஸ்குரூவும் காப்பாற்றாது. உள்ளே சாமான் மாற்ற வேண்டும், இல்லையென்றால் கொஞ்சம் ஆட்டத்தோடு வாழ வேண்டும்.

கொஞ்சம் ஆட்டத்தோடு வாழலாமா? சட்டம் அனுமதிக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் விதி 98, ஸ்டியரிங் வீலில் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. 40 செ.மீ. விட்டமுள்ள வீலின் விளிம்பில் இது 10 செ.மீ.க்குச் சற்று மேல். கட்டைவிரலையும் சேர்த்து ஓர் உள்ளங்கை அகலம். அவ்வளவு ஆட்டம் நல்லது என்று சொல்ல வரவில்லை. இரண்டு விரல் ஆட்டம் இருக்கிறதே, ஆய்வில் நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து ஸ்குரூவைக் கடைசிவரை முறுக்கத் தேவையில்லை என்றுதான் சொல்கிறேன்.

## பாதி பாதியாகப் பிரித்துப் பார்ப்பது

சங்கிலியை நடுவில் அவிழ்த்து, எந்தப் பாதி இறுக்கம் என்று பார்ப்பது. பிறகு அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்குவது. ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, ஸ்பானர், முக்கால் மணி நேரம் போதும். முதல் இரண்டு படிகளை வீட்டு வாசலிலேயே செய்யலாம். மூன்றிலிருந்து பழகிய கை வேண்டும்.

1. முன் டயர்களில் காற்றைச் சரியாக வையுங்கள். நான்கு சக்கர ஓட்டக் கியரை விடுவித்து, முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு பூட்டும் ஹப் லாக் இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள். இதைச் செய்ததுமே கோளாறு போய்விட்டால் கீழே உள்ளதெல்லாம் தேவையில்லை.

2. பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, முன் ஆக்ஸிலைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வீலைத் திருப்புங்கள். காற்றில் இலேசாகச் சுற்றினால் குற்றம் தரைப்பக்கம்: டயர், சக்கரம், காஸ்டர் கோணம் (விளக்கம் பின்னால்). காற்றிலும் கனம் என்றால் உள்ளேதான்.

3. டிராப் ஆர்மிலிருந்து டிராக் லிங்க்கைக் கழற்றுங்கள். இப்போது சங்கிலி இரண்டாகிவிட்டது. வீலை மெதுவாகச் சுற்றுங்கள்; கோடியில் போய் இடிக்க வேண்டாம், பாக்ஸின் உள் பாகங்கள் கெடும். பிறகு கீழே வந்து முன் சக்கரத்தைக் கையால் இடம் வலமாகத் தள்ளுங்கள். எது எதிர்க்கிறது?

4. மேல் பாதி எதிர்த்தால், யூ ஜாயிண்ட் உள்ள வண்டியில் ராடைப் பாக்ஸிலிருந்து பிரியுங்கள். ராடும் பாக்ஸும் ஒரே உடம்பாக உள்ள பழைய சிஜே வகையில் டாஷ்போர்டுக்குக் கீழே ராடைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்துங்கள். தளர்த்தியதும் ராடு சட்டென்று ஒரு பக்கம் நகர்ந்தால் அதை வளைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

5. கீழ் பாதி எதிர்த்தால் டை ராட்டை ஒரு பக்கம் கழற்றி, இடது வலது நக்கிள்களைத் தனித்தனியாகத் திருப்பிப் பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு சந்தேகம் ஒரே பாகத்தில் வந்து நிற்கும்.

## மேல் பாதியில் மாட்டினால்

பாக்ஸை நடு நிலையில் வைக்காமல் ஸ்குரூவை முறுக்கியிருப்பது ஒன்று. இன்னொன்று, பாக்ஸின் நடுவும் சக்கரத்தின் நேரும் ஒத்துப்போகாதது. டிராப் ஆர்மை ஒரு பல் தள்ளிப் பூட்டினாலோ, டிராக் லிங்க்கின் நீளத்தை மாற்றினாலோ இது நடக்கும். அப்போது சக்கரம் நேராக இருக்கும்போது பாக்ஸ் நடுவை விட்டு விலகியிருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் இளகும், மறுபக்கம் இறுகும். ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்பதுதான் இதன் அடையாளம். அந்த அடையாளத்தையும் அழிக்க ஒரு வழி இருக்கிறது: வீலை மட்டும் கழற்றி நேராகப் பூட்டிவிடுவது. பில்லில் 'வீல் நேர் செய்தது' என்று இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

டிங்கரிங் வேலைக்குப் பிறகு வந்த இறுக்கம் என்றால் பாக்ஸைத் தொடும் முன் ராடைப் பாருங்கள். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள ரப்பர்களைப் புதிதாகப் போட்டால் பாடி உயரும். பாக்ஸ் சேசிஸில், டாஷ்போர்டு பாடியில். பாடி ஒரு சென்டிமீட்டர் ஏறினாலும் ராடின் கோணம் மாறும். ஸ்டியரிங்கில் யாருமே கை வைக்கவில்லையே என்று இரு தரப்பும் சத்தியம் செய்யும் வழக்குகளில் பெரும்பாலும் குற்றவாளி இதுதான்.

யூ ஜாயிண்ட் இரண்டு உள்ள வண்டியில் அவற்றை ஒன்றுக்கொன்று ஒத்த நிலையில் பூட்டாவிட்டால், வீல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது இரண்டு முறை இறுகி இரண்டு முறை இளகும். வேறு எந்தக் கோளாறும் இவ்வளவு ஒழுங்காகத் தாளம் போடாது.

பாக்ஸுக்குள் என்ன ஊற்றினார்கள் என்றும் கேளுங்கள். பழைய மேனுவல் பாக்ஸ்களுக்கு 90 நம்பர் கியர் ஆயில். சீல் ஒழுகுகிறது என்று ஆயிலுக்குப் பதில் கிரீஸை அடைப்பவர்கள் உண்டு. ஒழுக்கு நிற்கும், உண்மைதான். ஆனால் பல் ஒருமுறை ஒதுக்கிய கிரீஸ் திரும்பி வந்து நனைக்காது. சில மாதத்தில் உலர்ந்த பல்லோடு பல் உரசும்.

## கீழ் பாதியில் மாட்டினால்

மூடிய நக்கிள் கொண்ட ஜீப்பிலும் ஜிப்ஸியிலும் கிங் பின்கள் மேலும் கீழும் டேப்பர் பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். பேரிங் எவ்வளவு அழுத்தமாக உட்கார வேண்டும் என்பதை மூடிக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடுகள், அதாவது சிம்கள், தீர்மானிக்கின்றன. சிம் குறைந்தால் மூடி இன்னும் கீழிறங்கும், பேரிங் இறுகும். வேலை நடக்கும்போது ஒரு சிம் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு துணியோடு குப்பைக்குப் போனாலே போதும். கழற்றியபோது எந்தப் பக்கத்தில் எத்தனை இருந்தது என்று எழுதி வைத்தார்களா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

சரியான இறுக்கத்தை விரலால் அறிய முடியாது. டை ராட்டையும் நக்கிளின் ஆயில் சீலையும் விலக்கிவிட்டு, நக்கிள் கையின் நுனியில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, நக்கிள் அசையத் தொடங்கும் எடையைப் பார்க்க வேண்டும். அந்த எடை எவ்வளவு என்பது ஒவ்வொரு வண்டியின் சர்வீஸ் புத்தகத்திலும் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பேரிங் மாற்றுகிறார்கள். ஒரு சின்னத் தராசுக்கு மட்டும் யாருக்கும் மனசு வருவதில்லை.

தராசு சரியான அளவைக் காட்டியும் நேர் நிலையில் ஒரு தட்டு இருந்தால், பேரிங்கின் கப்பில், அதாவது வெளி வளையத்தில், உருளைகள் பள்ளம் விழுத்தியிருக்கும். பழைய கப்பின் மேல் புதுப் பேரிங்கைப் போட்டு முறுக்கினால் உருளைகள் அந்தப் பள்ளத்தில் போய் விழும். கப்பையும் சேர்த்து மாற்றுவதைத் தவிர வழியில்லை.

'ஓட ஓட சரியாகும்' என்ற பேச்சு உண்மையாக இருக்கக்கூடிய இடமும் இங்கேதான். நக்கிள் மூடியிருக்கும் ஆக்ஸில் முனை உருண்டையைச் சுற்றி ஃபெல்ட் வளையமும் சீலும் புதிதாகப் போட்டால் முதல் சில நூறு கிலோமீட்டர் கனம் தெரியும். அது சீரான கனமாக இருக்கும், எங்கேயும் தட்டாது, நாளுக்கு நாள் குறையும். உருண்டையில் துருப் புள்ளிகள் இருந்தால் குறையாது, சீலைத்தான் கிழிக்கும். திருமங்கலம், டி.கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மழைக்காலத்தில் ஓடும் வண்டிகளில் சேறு சீலுக்குள் இறுகிக் காய்வதும் உண்டு.

பழைய டிராக் லிங்க்குகளில் பந்து முனையை ஒரு திருகு மூடி அழுத்திப் பிடித்திருக்கும். மூடியை முழுக்க முறுக்கிவிட்டு, அரைச் சுற்று முதல் ஒரு சுற்று தளர்த்தித்தான் காட்டர் பின்னைக் குத்த வேண்டும். தளர்த்த மறந்தால் ஸ்டியரிங் திரும்பாது.

## தரைப்பக்கம்: டயரும் காஸ்டரும்

காற்றில் இலேசு, தரையில் கனம் என்றால் முதலில் டயர். வண்டியின் எடை மாறாது. காற்றழுத்தம் குறைந்தால் தரையைத் தொடும் பரப்பு கூடும். 28-க்குப் பதில் 20 பவுண்டு காற்று இருந்தால் அந்தப் பரப்பு ஏறத்தாழ 40 சதவீதம் கூடிவிடும். 6.00-16 நைலான் டயரில் பிறந்த ஜீப்புக்கு அகலமான ரேடியலைப் போட்டு, சக்கரம் வெளியே தள்ளி நிற்கும் அலாய் வீலையும் மாட்டினால் பாரம் இரட்டிப்பாகத் தோன்றும். கிங் பின்னின் சாய்வைத் தரைவரை நீட்டிப் பார்த்தால் அது டயரின் நடுவுக்குப் பக்கத்தில் தரையைத் தொட வேண்டும். சக்கரம் வெளியே போகப்போக அந்த இடம் விலகும். டயர் நின்ற இடத்தில் திரும்பாமல், வட்டமடித்துக்கொண்டு திரும்பும். பார்க்க அழகுதான். மேனுவல் ஸ்டியரிங்குக்கு அது தண்டனை.

ஸ்பிரிங் பட்டை வேலை செய்த வண்டியில் காஸ்டரைப் பார்க்க வேண்டும். கிங் பின்னின் மேல் முனை கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்திருப்பதே காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் இதே காரணத்துக்குத்தான். இந்தச் சாய்வுதான் வளைவுக்குப் பின் சக்கரத்தை நேருக்கு இழுக்கிறது. கூடினால் கனம், குறைந்தால் திரும்பாமை.

பழைய சிஜே வகைகளில் காஸ்டர் 3 டிகிரி அளவில்தான். பட்டையின் இரு முனைகளிலும் உள்ள கண்களுக்கு நடுவே ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கண் மட்டும் 1.75 செ.மீ. இறங்கினால் ஆக்ஸில் 1 டிகிரி சாயும். வண்டியை உயர்த்த நீளமான ஷேக்கிள் (பட்டையின் ஒரு கண்ணைச் சேசிஸோடு சேர்க்கும் இணைப்பு) போடுபவர்கள் இதைவிட அதிகம் இறக்குகிறார்கள். ஷேக்கிள் பட்டையின் முன்னால் இருந்தால் காஸ்டர் குறையும், பின்னால் இருந்தால் கூடும். பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துச் சரிசெய்யலாம். ஆப்பின் தடித்த பக்கத்தை மாற்றி வைத்தால் கோளாறு இரண்டு மடங்கு. டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவை, மட்டும் பார்த்து அனுப்பும் அலைன்மென்ட் இதைக் காட்டாது. 'காஸ்டர் எவ்வளவு?' என்று கேட்டுத் தாளில் எண்ணை வாங்குங்கள்.

## ஸ்டியரிங்கிலேயே இல்லாத கோளாறு

கிளட்ச், கியர் பாக்ஸ் வேலைக்குப் பிறகு வந்த இறுக்கத்துக்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் நடு டிஃபரன்ஷியல் இந்த வண்டிகளில் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் கியர் விழுந்திருந்தால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டியிருக்கும். மண்ணில் டயர் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தார் ரோட்டில் வழுக்காது, வீல் நேருக்கு இழுக்கும். லீவரை இரண்டு சக்கர ஓட்டத்தில் வைத்திருந்தாலும், லிங்க்கைத் தவறாகப் பூட்டியிருந்தால் உள்ளே விடுபட்டிருக்காது. நின்றபடி திருப்பினால் வழக்கம்போல, ஓட்டத்தில் திருப்பினால் கனம் என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

## பவர் ஸ்டியரிங் இருந்தால்

1. ஐடிலில் கனம், ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் இலேசு: பெல்ட் நழுவுகிறது, அல்லது பம்ப் தளர்ந்திருக்கிறது. கிறீச்சென்று சத்தம் வந்தால் பெல்ட்.

2. முனகல் சத்தம், டப்பாவில் நுரை: உள்ளே காற்று. முன்பக்கத்தைத் தூக்கி, இன்ஜினை அணைத்தபடியே கோடிக்குக் கோடி பலமுறை திருப்பி, ஆயில் குறையக் குறைய ஊற்றி, அப்புறம்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

3. ஒரு பக்கம் மட்டும் கனம்: பாக்ஸின் வால்வு. கழற்றிப் பார்க்கும் முன் ஓஸ் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பெரும்பாலான பழைய ஹைட்ராலிக் அமைப்புகளுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்) ஆயில்தான். பிரேக் ஆயில் ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல்கள் உப்பிக் கெடும். முதல் வாரம் எதுவும் தெரியாது.

## வண்டியைத் திரும்ப வாங்கும்போது

பட்டறையிலேயே ஒரு சோதனை செய்துவிட்டு வாங்கலாம். காலி மைதானத்தில் 20 கி.மீ. வேகத்தில் வட்டமடித்து, பிடியைத் தளர்த்துங்கள். கை வீலைச் சுற்றியே இருக்கட்டும். வீல் தானாக நேருக்குப் பக்கத்தில் வர வேண்டும். இடம், வலம் இரண்டுக்கும் பாருங்கள். வரவில்லை என்றாலோ, நடுவில் தட்டு இருந்தாலோ மலைக்கு எடுத்துப் போகாமல் அங்கேயே விட்டுவிடுங்கள். புதுச் சீலின் சீரான கனம் மட்டும் என்றால் ஓட்டலாம், 500 கி.மீ. கழித்தும் குறையாவிட்டால் டை ராட்டையும் சீலையும் மறுபடி கழற்றி, நக்கிளில் தராசை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.